வாசகர் கேள்விகள்: மேலே யாராவது இருக்கிறார்களா?

வேறு கிரகங்களில் அறிவுள்ள உயிர்கள் உண்டா என்று போன இதழில் ஒரு பத்தி எழுதப்போக, ஆம்பூரிலிருந்து ஆரணி வரை கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருப்பதால் சேர்த்துப் பதில் சொல்கிறோம்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். பூமிக்கு வெளியே புத்தியுள்ள ஜீவன் உண்டா, இல்லையா?
(குடியாத்தம் வாசகர்)

இன்று வரை ஒரு சான்றும் இல்லை. புத்தியுள்ளதற்கும் இல்லை, புல் பூண்டுக்கும் இல்லை. ஆனால் இல்லவே இல்லை என்று கை விரிக்கிற அளவுக்கு நாம் இன்னும் தேடவும் இல்லை.

1961-ல் ஃபிராங்க் டிரேக் என்ற அமெரிக்க வானியலாளர் இதற்கு ஒரு பெருக்கல் கணக்குப் போட்டார். நீங்களே போட்டுப் பார்க்கலாம். நம் பால்வீதியில் ஆண்டுக்கு 2 நட்சத்திரம் பிறக்கிறது என்று வையுங்கள். ஏறக்குறைய எல்லா நட்சத்திரத்துக்கும் கோள் உண்டு. ஐந்தில் ஒன்றுக்கு உயிர் வாழத் தோதான கோள் இருக்கிறது என்று வைத்தால் 0.2. இதுவரை உள்ள எண்கள் ஓரளவு அளந்து வந்தவை. அடுத்து வரும் மூன்றும் அப்படியல்ல: உயிர் தோன்ற வேண்டும், அது புத்தியாக வளர வேண்டும், ரேடியோவில் பேசக் கற்க வேண்டும். மூன்றும் சேர்ந்து நூற்றுக்கு ஒன்று என்று வைப்போம். இது சுத்தமான குத்துமதிப்பு. கடைசி எண், அப்படிப்பட்ட நாகரிகம் எத்தனை ஆண்டு தாக்குப்பிடிக்கும் என்பது. 10,000 ஆண்டு என்றால் 2 × 0.2 × 0.01 × 10,000 = 40. இருநூறே ஆண்டில் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் என்றால் விடை 0.8. அதாவது நாம் மட்டும்தான், அதுவும் முழுசாக இல்லை!

அந்த 40-ஐயே எடுத்துக்கொண்டாலும், ஒரு லட்சம் ஒளியாண்டு (ஒளி ஓராண்டில் போகும் தூரம் ஓர் ஒளியாண்டு) அகலமுள்ள பால்வீதியில் பரப்பி வைத்தால் ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே ஏறத்தாழ 14,000 ஒளியாண்டு. நாம் வணக்கம் சொல்லி, பதில் வணக்கம் வர 28,000 ஆண்டு.

எங்கள் சாய்வு எந்தப் பக்கம் என்றால்: நுண்ணுயிர் பல இடங்களில் இருக்கலாம், பேசுகிற உயிர் மிக அரிது. பூமியின் வயது 454 கோடி ஆண்டு. 350 கோடி ஆண்டுக்கு முன்பே நுண்ணுயிர் வந்துவிட்டது. விலங்கு என்று சொல்லத்தக்கது வர மேலும் சுமார் 290 கோடி ஆண்டு பிடித்தது. ரேடியோ வந்து நூறு ஆண்டும் சொச்சமும்தான் ஆகிறது. உயிர் வருவதில் அவசரம் காட்டிய பூமி, புத்தி வருவதில் துளியும் அவசரம் காட்டவில்லை. ஒரே ஒரு பூமியை வைத்துச் சொல்கிற ஊகம் இது. ஒரு சோற்றைப் பதம் பார்க்கலாம், ஆனால் அந்தச் சோறு எந்தப் பானையிலிருந்து வந்தது என்பதே இங்கே தெரியாது.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தத் தூரத்தை எப்படிப் புரிய வைப்பது? ஒளியாண்டு என்றாலே கண்ணைச் சொருகுகிறார்கள்.
(ஆற்காடு ஆசிரியை)

ஒரு தேங்காயும் ஒரு கேழ்வரகு மணியும் போதும். எல்லாவற்றையும் ஆயிரம் கோடியில் ஒரு பங்காகச் சுருக்குங்கள். சூரியன் 14 செ.மீ. குறுக்களவுள்ள ஒரு பெரிய தேங்காய். அதை வேலூர்க் கோட்டை வாசலில் வையுங்கள். பூமி 1.3 மி.மீ., சரியாக ஒரு கேழ்வரகு மணி. அதைத் தேங்காயிலிருந்து 15 மீட்டர் தள்ளி வையுங்கள். வியாழன் 78 மீட்டரில் ஒரு கோலிக்குண்டு. நெப்டியூன் 450 மீட்டரில்.

இப்போது ஒளி என்ன வேகத்தில் போகும் என்று கேளுங்கள். வினாடிக்கு 3 செ.மீ. எறும்பு நடை! எறும்பு தேங்காயிலிருந்து கேழ்வரகு வரை நடக்க 8 நிமிடம் 20 வினாடி. சூரிய ஒளி நம்மை வந்தடையும் நேரமும் அதுவே.

பக்கத்து நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரி (4.24 ஒளியாண்டு) ஒரு சின்ன நெல்லிக்காய். அதை எங்கே வைப்பது? ஹாங்காங்கில், இன்னும் கொஞ்சம் தள்ளி. எறும்பு வேலூரிலிருந்து ஹாங்காங்குக்கு நாலே கால் ஆண்டு நடக்கிறது. 1977-ல் கிளம்பிய வாயேஜர்-1 விண்கலம் இந்த அளவில் இன்னும் காட்பாடி ரயில் நிலையத்தைக்கூட எட்டவில்லை.

காவலூரில் வேற்றுக்கிரகவாசிகளைத் தேடுகிறார்கள் என்று எங்கள் ஊரில் சொல்கிறார்கள். உண்மையா?
(ஆலங்காயம் வாசகர்)

இல்லை. காவலூரில் இருப்பவை ஒளியைச் சேர்க்கும் கண்ணாடித் தொலைநோக்கிகள். சிக்னல் தேடுவது பெரும்பாலும் ரேடியோ ஆன்டெனாக்களின் வேலை. ஜவ்வாது மலையில் சுமார் 700 மீட்டர் உயரத்தில் உள்ள இந்த நிலையம் இந்திய வான் இயற்பியல் மையத்தைச் சேர்ந்தது. முன்பு வட ஆற்காடு, பிறகு வேலூர், 2019-லிருந்து திருப்பத்தூர் மாவட்டம். முகவரிதான் மாறிக்கொண்டே இருக்கிறது, மலை அங்கேயே இருக்கிறது. நிலையத்தைத் தொடங்கிய வைணு பாப்புவின் பெயரில் உள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரி 6 அன்று திறக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை, 1982-லேயே மறைந்துவிட்டார்.

ஆனாலும் உங்கள் ஊர்க்காரர்கள் சொல்வதில் ஒரு தொடர்பு உண்டு. 1972-ல் வியாழனின் துணைக்கோளான கானிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அங்குள்ள 1 மீட்டர் தொலைநோக்கியில் அந்த ஒளி மறைந்த விதத்தை அளந்தார்கள். சுவர் மறைத்தால் வெளிச்சம் பட்டென்று போகும். காற்று மண்டலம் இருந்தால் மெல்ல மங்கிப் போகும். கானிமீடைச் சுற்றி மெல்லிய வாயு இருக்கலாம் என்ற குறிப்பு இப்படித்தான் கிடைத்தது. 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் முன்பே ஒளி விட்டுவிட்டுக் குறைந்தது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்த அந்த இரவில் காவலூரும் விழித்திருந்து பதிவு செய்தது.

இன்று வேறு சூரியன்களின் கோள்களைக் கண்டுபிடிப்பதும் இதே மங்கல் கணக்குதான். வியாழன் போன்ற கோள் தன் நட்சத்திரத்துக்குக் குறுக்கே போனால் வெளிச்சம் நூற்றில் ஒரு பங்கு குறையும். பூமி போன்றது போனால் பத்து லட்சத்தில் 84 பங்கு. அதுவும் ஆண்டுக்கு ஒரு முறை, 13 மணி நேரம். அதோடு, அந்தக் கோளின் பாதை நம் பார்வைக் கோட்டில் சரியாக அமைந்திருக்க 200-ல் ஒரு வாய்ப்பே உண்டு. இத்தனை தடை இருந்தும் 2025-க்குள் 6,000-க்கு மேற்பட்ட கோள்கள் கணக்கில் ஏறிவிட்டன.

நேரில் போகிறவர்கள் பார்வையாளர் நேரத்தை நிலையத்தின் அறிவிப்பில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். டார்ச் முகப்பில் சிவப்பு ஜெலட்டின் தாளைக் கட்டிக்கொள்ளுங்கள். இருட்டுக்குக் கண் பழக 20 நிமிடம் ஆகும், ஒரு செல்போன் வெளிச்சம் அதைக் கெடுத்துவிடும்.

வானத்தில் இருபது முப்பது விளக்குகள் ரயில் பெட்டி போல வரிசையாகப் போனதை மாடியிலிருந்து பார்த்தோம். பறக்கும் தட்டா?
(ராணிப்பேட்டை, வாணியம்பாடி வாசகர்கள் பலர்)

ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். ஏவிய சில நாட்கள் வரை கோத்த மணி போல ஒன்றன்பின் ஒன்றாகப் போகும், பிறகு விலகிப் பிரிந்துவிடும்.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு காட்சி ராக்கெட். ஸ்ரீஹரிகோட்டா நமக்கு வடகிழக்கே, நேர்கோட்டில் சுமார் 150 கி.மீ. விடிவதற்குச் சற்று முன்போ, இருட்டிய சற்று நேரத்திலோ ஏவினால், கீழே நமக்கு இருட்டு, மேலே புகைக்கு வெயில். அந்தப் புகை ஜெல்லி மீன் போல விரிந்து ஒளிரும். பார்த்தவர் பயந்துபோனால் குற்றம் சொல்ல முடியாது.

எதைப் பார்த்தாலும் முதலில் நேரத்தை நிமிடக் கணக்கோடு எழுதுங்கள். பிறகு திசை. பிறகு உயரம்: கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் ஒரு முஷ்டி சுமார் 10 டிகிரி, தொடுவானத்திலிருந்து எத்தனை முஷ்டி என்று எண்ணுங்கள். சிவப்பு, பச்சை விளக்கோடு வெள்ளை வெட்டி வெட்டி மின்னினால் விமானம். மின்னாமல் ஒரே சீராக நகர்ந்து நடுவானில் சட்டென்று மங்கினால் செயற்கைக்கோள், பூமியின் நிழலுக்குள் போய்விட்டது. நகராமல் மேற்கிலோ கிழக்கிலோ பளிச்சென்று நின்றால் பெரும்பாலும் வெள்ளி. அது சூரியனை விட்டு 47 டிகிரிக்கு மேல் விலகாது என்பதால் நள்ளிரவில் தெரிய வழியில்லை. நள்ளிரவில் பார்த்தது வெள்ளியல்ல என்று அடித்துச் சொல்லலாம்.

கே2-18பி கிரகத்தில் உயிர் இருப்பது உறுதி என்று செய்தி வந்ததே?
(ஆரணி வாசகர்)

உறுதி என்றது தலைப்பு. ஆய்வாளர்கள் அப்படிச் சொல்லவில்லை. 124 ஒளியாண்டு தொலைவில், பூமியைப் போல் 2.6 மடங்கு குறுக்களவுள்ள கோள் அது. 2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதன் குழு, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி வழியாக அதன் காற்றில் டைமெத்தில் சல்ஃபைடு இருப்பதற்கான அறிகுறி கண்டதாக எழுதியது. முட்டைக்கோஸ் வேகும்போது அடுக்களையில் எழும் வாடையில் இந்த வாயுவுக்குப் பங்குண்டு. பூமியில் இதைப் பெருமளவில் விடுவது கடலின் நுண்ணுயிர்கள், அதனால்தான் பரபரப்பு.

சிக்கல் இரண்டு. அந்த அளவீடு 3 சிக்மா தரம். வெறும் இரைச்சலே வரைபடத்தில் இப்படி ஒரு மேட்டைக் காட்ட ஆயிரத்தில் மூன்று வாய்ப்பு உண்டு. கண்டுபிடிப்பு என்று ஒப்ப 5 சிக்மா கேட்பது வழக்கம். அதே தரவை வேறு குழுக்கள் வேறு முறையில் அலசியபோது மேடு கரைந்தது. இன்னொன்று, இதே வாயு 67பி என்ற வால்நட்சத்திரத்திலும் இருந்ததாக 2024-ல் தெரியவந்தது. அங்கே முட்டைக்கோஸும் இல்லை, கடலும் இல்லை.

1960-ல் முதன்முதலில் சிக்னல் தேடிய நட்சத்திரங்களை நம் ஊரிலிருந்து பார்க்க முடியுமா?
(ஆம்பூர் வாசகி)

வெறுங்கண்ணால் பார்க்கலாம். டிரேக் அமெரிக்காவின் கிரீன் பேங்கில் 26 மீட்டர் ஆன்டெனாவைத் திருப்பியது எப்சிலான் எரிடானி, டவ் செட்டி என்ற இரண்டின் பக்கம். முன்னது 10.5 ஒளியாண்டு, பின்னது சுமார் 12.

பொங்கலையொட்டி, நிலா இல்லாத இரவாகப் பார்த்து 8 மணிக்குத் தெற்கு நோக்கி நில்லுங்கள். இடப்பக்கம் மேலே வரிசையாக மூன்று நட்சத்திரம் தெரியும். அந்த மூன்றுக்கு ஒரு பக்கம் செம்மையாகத் திருவாதிரை, எதிர்ப்பக்கம் நீலம் கலந்த வெள்ளையாக ரைஜெல். ரைஜெலிலிருந்து கை நீட்டி ஒரு சாணும் இரண்டு விரலும் வலப்பக்கம் வாருங்கள். ஏறக்குறைய ஏழு முஷ்டி உயரத்தில் மங்கலாக இருப்பது எப்சிலான் எரிடானி. அங்கிருந்து இன்னொரு சாணும் சொச்சமும் வலப்பக்கம், மூன்று நான்கு விரல் கீழே இறங்கினால் டவ் செட்டி. வேலூர் நகருக்குள் விளக்கு வெளிச்சத்தில் இரண்டும் தெரியாது. அமிர்தி தாண்டினால் தெரியும்.

டிரேக்குக்கு நடுவில் ஒரு பலத்த சிக்னல் வந்து எல்லோரையும் நாற்காலியை விட்டு எழ வைத்தது. கடைசியில் அது வானில் உயரே போன விமானம்.

பொறியியல் மாணவர்கள் நால்வர். 1420 மெகாஹெர்ட்ஸில் விண்வெளி ஹைட்ரஜனை மொட்டை மாடியிலேயே பிடிக்கலாம் என்கிறார்களே, எப்படி?
(காட்பாடி)

பிடிக்கலாம். சிக்னல் தேடுகிறவர்கள் பலரும் சுற்றிச் சுற்றி வருவது இந்த 1420.4 மெகாஹெர்ட்ஸைத்தான். ஹைட்ரஜன் தானாகவே விடும் 21 செ.மீ. அலை இது. வானியல் தெரிந்த எவனுக்கும் இந்த எண் தெரிந்திருக்கும், ஆகவே பொது இடம் என்பது யோசனை.

தகரப் பட்டறையில் 16 செ.மீ. குறுக்களவு, 25 செ.மீ. நீளத்தில் ஓர் உருளை அடித்து வாங்குங்கள். ஒரு முனை மூடியிருக்க வேண்டும். குறுக்களவு 12.4-க்குக் கீழே போனால் இந்த அலை உள்ளேயே வராது. 16.2-க்கு மேலே போனால் அலை இரண்டு விதமாக ஓடத் தொடங்கிக் குழப்பும். மூடிய முனையிலிருந்து 8.3 செ.மீ. தள்ளித் துளை போட்டு, 5.2 செ.மீ. நீளச் செம்புக் கம்பியை உள்ளே நிமிர்த்தி, இணைப்பானின் நடுமுள்ளில் பற்றவையுங்கள். கம்பி தகரத்தைத் தொடக் கூடாது. வேறு டப்பா எடுத்தால் இந்த 8.3 மாறும்: 15 செ.மீ. டப்பாவுக்கு அது 9.3. பழைய அளவிலேயே துளை போட்டுவிட்டு ஒன்றும் வரவில்லை என்று புலம்புகிறவர்கள் உண்டு.

உருளையின் வாயில் கூம்பு: அகன்ற வாய் 60 செ.மீ., நீளம் 55 செ.மீ. கெட்டி அட்டையில் செய்து உள்ளே அலுமினியத் தாள் ஒட்டினால் போதும். தாள் உருளையின் தகரத்தைச் சுற்றிலும் இடைவெளியின்றித் தொட வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

கம்பியை ஒட்டியே, ஒரு சாணுக்கு மேல் கேபிள் விடாமல், 1420-க்கான வடிகட்டி உள்ள குறை இரைச்சல் பெருக்கி. அதற்கு முன்னால் கேபிளில் இழந்தது பின்னால் எவ்வளவு பெருக்கினாலும் வராது. வடிகட்டி இல்லாவிட்டால் பக்கத்துச் செல்போன் டவர் பெருக்கியைத் திணறடித்துவிடும். பிறகு யுஎஸ்பி டாங்கிள் (ரேடியோ அலையை எண்களாக்கி லேப்டாப்புக்குத் தரும் எஸ்டிஆர் வகை), லேப்டாப். டாங்கிளை 1420.4-ல் வைக்காமல் 1420.0-ல் வையுங்கள், இந்த டாங்கிள்கள் நட்ட நடுவில் தாமாகவே ஒரு பொய் முள்ளைக் காட்டும். வினாடிக்கு 24 லட்சம் மாதிரி, 5 நிமிடச் சராசரி.

அக்டோபர் முதல் வாரம் இரவு 8 மணிக்கு வடக்கு நோக்கி, ஆறு முஷ்டிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் கொம்பை (உருளையும் கூம்பும் சேர்ந்த அமைப்பு) நிறுத்துங்கள். பால்வீதியின் அன்ன மண்டலம் அங்கே இருக்கும். மேகம் தடையில்லை, ஆனால் பெருக்கியில் நீர் புகக் கூடாது. இடி மின்னல் இருந்தால் மாடியை விட்டு இறங்கிவிடுங்கள். திரையில் 1420.4-ஐ ஒட்டி ஒரு சிறு மேடு எழும். அது கூரிய முள்ளாக இருந்தால் ஹைட்ரஜன் இல்லை. பால்வீதி வாயு வெவ்வேறு வேகத்தில் ஓடுவதால் மேடு பரந்திருக்க வேண்டும், வினாடிக்கு 1 கி.மீ. வேகத்துக்கு 4.7 கிலோஹெர்ட்ஸ் நகரும்.

வந்தது வானத்திலிருந்தா, வீட்டிலிருந்தா? எல்இடி பல்பு, இன்வர்ட்டர், லேப்டாப் சார்ஜர் மூன்றும் இந்தத் துறையின் பரம எதிரிகள். லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டுங்கள். பிறகு கொம்பை அசைக்காமல் நாள்தோறும் பதிவு செய்யுங்கள். வானத்துச் சங்கதி என்றால் தினமும் 4 நிமிடம் முன்னதாக வரும். உங்கள் கொம்பின் பார்வை 25 டிகிரி அகலம் என்பதால் மறுநாளே வித்தியாசம் தெரியாது. 15 நாள் பொறுத்தால் ஒரு மணி நேரம் முந்தியிருக்கும். பக்கத்து வீட்டு மிக்ஸி நட்சத்திரக் கடிகாரத்தைப் பார்த்து ஓடாது.

வாயேஜர் தங்கத்தட்டில் தமிழ் உண்டா?
(போளூர் வாசகர்)

இல்லை. வேற்றுலகத்தார் கையில் கிடைத்தால் கேட்கட்டும் என்று வாயேஜரில் வைத்து அனுப்பிய அந்த ஒலித்தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து உண்டு. தெலுங்கு, கன்னடம், இந்தி, வங்காளம், மராத்தி, சிங்களம் எல்லாம் இருக்கின்றன. தமிழும் மலையாளமும் இல்லை. வருத்தம்தான். ஆனால் கேட்கப்போகிறவருக்கு 55-ம் ஒன்றுதான்.

1977-ல் அமெரிக்காவில் வந்த வேற்றுலகச் சிக்னலை அரசாங்கம் மறைத்துவிட்டது என்கிறார்கள்.
(திருப்பத்தூர் வாசகர்)

மறைத்ததாக இருந்தால் உங்களுக்கு எப்படித் தெரிந்தது? ஒஹாயோவில் பிக் இயர் என்ற ஆன்டெனாவில் 1977 ஆகஸ்ட் 15 அன்று 72 வினாடிகளுக்கு வலுவான சிக்னல் பதிவானது. ஜெர்ரி எஹ்மன் அச்சுத்தாளில் அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்தில் 'வாவ்' என்று எழுதினார். அந்தத் தாளை இன்றும் யாரும் பார்க்கலாம். ஆன்டெனா அசையாதது. பூமி சுழலும்போது வானத்தின் ஒரு புள்ளி அதன் பார்வையில் 72 வினாடிதான் நிற்கும். சிக்னலும் அதே கணக்கில் ஏறி இறங்கியது, வானத்துச் சங்கதி என்று நம்ப அது காரணம். ஆனால் அங்கே கொம்புகள் இரண்டு. ஒன்றில் வந்தது, சில நிமிட இடைவெளியில் மற்றதிலும் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பிறகு எத்தனையோ முறை தேடியும் வரவில்லை. ஒரே முறை வந்ததை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது.

ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ஆன்டெனாவில் பல ஆண்டுகளாக வந்து குழப்பிய ஒரு துடிப்பு, வளாகத்தில் இருந்த மைக்ரோவேவ் அடுப்பின் கதவை ஓடும்போதே யாரோ திறந்ததால் வந்தது என்று 2015-ல் தெரிந்தது. அதே ஆன்டெனா 2019-ல் பிராக்சிமா பக்கம் திரும்பியபோது 982 மெகாஹெர்ட்ஸில் ஒன்று பிடிபட்டது. நட்சத்திரத்தைப் பார்த்தால் வருகிறது, விலக்கினால் போகிறது. அந்தச் சோதனையில் தேறியும், ஆன்டெனா வேறு திசையில் இருந்தபோது இதே சாயலில் பிற அலைவரிசைகளில் ஏராளமானவை பதிவாகியிருந்தது பிறகு தெரிந்தது. 2021-ல் பூமியின் இரைச்சல் என்று முடித்துவிட்டார்கள்.

மறைப்பது நடைமுறையில் கடினம். இங்கே உதித்த நட்சத்திரம் சுமார் 12 மணி நேரத்தில் மேற்கே இறங்கிவிடும். தொடர்ந்து கவனிக்க வேறு நாட்டுக்காரருக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். 1989-ல் வகுத்த நெறிமுறையும் அதைத்தான் சொல்கிறது: மற்றவர்கள் சரிபார்த்த பிறகு அறிவியுங்கள், உலகம் கலந்து பேசாமல் பதில் அனுப்பாதீர்கள்.

உங்கள் மாடியில் ஏதாவது வந்தால் முதலில் இன்வர்ட்டரை அணையுங்கள். இன்னும் இருந்தால் கொம்பை வேறு பக்கம் திருப்புங்கள். அப்போதும் போகவில்லையென்றால் அது தெருவில் இருக்கிறது. போய், திருப்பி வைத்ததும் வந்தால், நேரத்தை வினாடியோடு குறித்துக்கொண்டு 15 நாள் கழித்து எங்களுக்கு எழுதுங்கள், ஒரு மணி நேரம் முந்தி வந்ததா என்பதையும் சேர்த்து.